ஒரு நூல் சாய்வு

ஜெல் குளிர்ந்திருந்தால் நோயாளி திடுக்கிடுவார். அதனால் காலையில் வந்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஜெல் பாட்டிலை வெந்நீர்க் குவளையில் நிற்க வைப்பது. இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நினைவே இல்லாமல் கிடக்கிறவர் மார்பில் தடவும்போதுகூட வெதுவெதுப்பாகத்தான் தடவுவேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் உள்ளே வந்ததும் கேட்டது 'எப்படியம்மா மனசு வந்தது' என்று. நான் ஏதோ ஈரமில்லாத பொம்பளை என்று வழியிலேயே முடிவு கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. உட்காருங்கள் இன்ஸ்பெக்டர், முழுதாகச் சொல்கிறேன். நடுவில் மறிக்காமல் கேட்டால் சீக்கிரம் முடியும்.

நான் பார்ப்பது எக்கோ. ஒலி அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து இதயத்தைப் படமாகப் பார்ப்பது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்துப் படுக்கைகள். சக்கரம் வைத்த மெஷினைத் தள்ளிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவேன். அங்கே படுத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வாயில் குழாய், குழாயின் மறுமுனையில் வென்டிலேட்டர். மூச்சை அதுதான் உள்ளே தள்ளும்.

வென்டிலேட்டரில் ஆளைப் போடுவது பெரிய காரியமில்லை. அதிலிருந்து பிரித்தெடுப்பதுதான் பெரிய காரியம். மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிற வரை இதயத்துக்குப் பாரம் குறைவு. குழாயை எடுத்து, ஆள் தானாக மூச்சை இழுக்க ஆரம்பித்ததும், உடம்பிலுள்ள ரத்தம் குபுகுபுவென்று இதயத்துக்குத் திரும்பும். இளகிய இதயம் அதை வாங்கிக்கொள்ளும். இறுகிய இதயம் வாங்காது. அப்போது நீர் பின்னால் தேங்கி நுரையீரலில் ஏறும். ஆள் உலர்ந்த படுக்கையில் படுத்தபடியே மூழ்குவார். நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதனால் குழாயை எடுக்கும் முன் அரை மணி நேரம் மெஷினின் உதவியைக் குறைத்து ஆளைச் சொந்தமாக மூச்சு விட வைப்பார்கள். ட்ரையல் என்போம். அது முடிகிற சமயத்தில் நான் போய், ரத்தம் உள்ளே பாயும் வேகத்தையும் இதயச் சுவர் விரியும் வேகத்தையும் அளப்பேன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓர் எண் வரும். எட்டு, ஒன்பது என்றால் இதயம் இளக்கம். பதினைந்தைத் தாண்டினால் இறுக்கம். அவ்வளவுதான் என் வித்தை. அந்த ஓர் எண்ணுக்காகத்தான் இருபத்தாறு வருடம் தோள்பட்டை தேய்ந்தது.

அந்த எண்ணை ஒருவரும் படிப்பதில்லை.

பெரிய டாக்டர் வருவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனுஷர், கைராசிக்காரர் என்று பேர். கையில் காபி டம்ளர் இருக்கும். டம்ளரை எங்கே வைப்பார் என்றால், மேஜையில் எது வெள்ளையாக இருக்கிறதோ அதன்மேல் வைப்பார். வெள்ளையாக இருப்பது என் ரிப்போர்ட். பழைய ஃபைல்களைத் திறந்து பாருங்கள், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வட்ட வட்டமாகக் கறை இருக்கும்.

"என்னம்மா, உங்க தியேட்டர்ல இன்னிக்கு என்ன படம்?" என்பார். எக்கோ அறையை இருட்டாக்கி வைப்பதால் அதற்குத் தியேட்டர் என்று பேர் வைத்திருந்தார். நர்சுகள் சிரிப்பார்கள். முதல் ஐந்து வருடம் நானும் சிரித்தேன்.

கணக்கு டீச்சர் ஒருவர் மூன்றாம் படுக்கையில் இருந்தார். ஓய்வு பெற்றவர். ட்ரையல் முடிவில் பதினேழு வந்தது. நான் ரிப்போர்ட்டைக் கையிலேயே கொண்டுபோனேன்.

"சார், மூணாம் படுக்கைக்குப் பதினேழு வந்திருக்கு. இன்னிக்குக் குழாயை எடுக்க வேணாம். நீர் இறங்க மருந்து குடுத்துட்டு நாளைக்குப் பாக்கலாம்."

"ஆளைப் பாருங்கம்மா, எண்ணைப் பாக்காதீங்க. முகம் தெளிவா இருக்கு, நல்லா இருமறாங்க."

"முகம் தெளிவாதான் சார் இருக்கும். மெஷின் தாங்கிக்கிட்டு இருக்கே."

"எங்க அம்மாவும் இப்படித்தான். குடை எடுக்காம வெளிய விடமாட்டாங்க."

குழாயை எடுத்தார்கள். மூன்று மணி நேரத்தில் டீச்சரின் வாயிலிருந்து நுரை வந்தது. மறுபடி குழாய். நான்காம் நாள் போய்விட்டார்.

விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். பெரிய டாக்டர் எழுந்து, "ரிப்போர்ட் என் கண்ணுக்கே வரலையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. நான் எழுந்து, "வந்துச்சு சார். உங்க டம்ளருக்கு அடியில இருந்துச்சு" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிப்பு மூட்டச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த விதி வந்தது. எக்கோ பார்க்காமல் யாருக்கும் குழாயை எடுக்கக் கூடாது; எண் பதினைந்தைத் தாண்டினால் எடுக்கவே கூடாது; என் கையெழுத்து வேண்டும். பிரிவின் கதவில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினார்கள். மாதக் கடைசி வியாழக்கிழமை கூட்டம் போட்டு, விதி பயன்படுகிறதா என்று பார்ப்பது என்றும் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை அன்று நான் சரியாகக் கவனிக்கவில்லை.

முதல் கூட்டத்தில் பெரிய டாக்டர் கேட்டார்: "இந்த மாசம் எக்கோ யாரையாவது தடுத்துச்சா?"

"இல்ல சார். எல்லாருக்கும் இதயம் நல்லா இருந்துச்சு."

"அப்ப எக்கோ இல்லாமலே எடுத்திருக்கலாம். ஆளுக்கு ரெண்டு மணி நேரம் வீண். இன்னும் ஒரு மாசம் பாப்போம். யாரையும் தடுக்கலைன்னா எதுக்கு இந்தச் சடங்கு?"

"திருடன் வரலைன்னா காவலை எடுத்துடுவீங்களா சார்?"

"காவக்காரம்மாவுக்குக் கோபம் வருது," என்றார். மறுபடி சிரிப்பு.

வீட்டுக்கு நடந்து போகும்போது யோசித்தேன். நன்றாக வேலை செய்தால் விதி போய்விடும். விதி போனால் மறுபடி டம்ளர் வரும், இன்னொரு டீச்சர் வருவார். இதை யாரிடம் சொல்வது? என் கணவர் இருந்தவரை அவரிடம் சொல்வேன், அவரும் பாதியில் தூங்கிவிடுவார். மகளிடம் போனில் சொன்னேன். "ரிட்டயர் ஆகற வயசுல எதுக்கும்மா டென்ஷன்? வாங்கற சம்பளத்துக்குப் படத்த எடுத்துக் குடுத்துட்டு வா" என்றாள். அவள் சின்ன வயதில் என் மெஷினைத் துடைத்து விளையாடினவள்.

இப்போது ஏழாம் படுக்கைக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கேட்கத்தானே வந்தீர்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தொரு வயது. நிமோனியாவில் வந்தார், பதினோரு நாள் வென்டிலேட்டர். காய்ச்சல் விட்டு, நினைவு தெளிந்து, சிலேட்டில் எழுதிப் பேசுகிற அளவுக்குத் தேறியிருந்தார். கட்டில் கம்பியில் மோதிர விரலால் மூன்று தட்டு தட்டினால் சிலேட்டு வேண்டும் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனபோது தட்டினார். கொடுத்தேன்.

'ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற லிஃப்டுல மாட்டிக்கிட்டேன். மெக்கானிக்கு எப்ப வருவான்?' என்று எழுதினார்.

நான் சிரித்துவிட்டேன். "வந்துட்டேன்ல," என்றேன்.

ட்ரையல் அழகாக முடிந்தது. எக்கோ வைத்தேன். எட்டு. அந்தப் பிரிவில் அந்த வாரம் இருந்ததிலேயே நல்ல இதயம் அதுதான். சுவர் கதவு மாதிரித் திறந்து மூடியது.

வியாழக்கிழமை கூட்டம். அந்த மாதம் அதுவரை எக்கோ ஒருவரையும் தடுத்திருக்கவில்லை.

நான் எப்படிச் செய்தேன் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருப்பது தவறு. எண்ணை மாற்றி எழுதியதாக எழுதியிருக்கிறார்கள். மெஷின் காட்டாத எண்ணை நான் ஒரு நாளும் எழுதியதில்லை. நம்மை நோக்கி நேராக வருகிற ஆளின் வேகம் முழுதாகத் தெரியும். குறுக்கே சாய்ந்து நடக்கிறவன் வேகம் பாதிதான் தெரியும். இந்தக் கருவியும் அப்படித்தான். இதயச் சுவர் அசைகிற திசையும் கருவியின் பார்வையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கையை ஒரு நூல் சாய்த்து, அளக்கிற புள்ளியை இரண்டு அரிசி தூரம் தள்ளி வைத்தால், நன்றாக விரிகிற சுவர் மந்தமாக விரிவதாகத் தெரியும். வகுக்கிற எண் சின்னதானால் விடை பெரிதாகும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் மாதம் தெரியாமல் செய்கிற தப்பு இது. நான் எத்தனையோ பேருக்கு மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தியிருக்கிறேன்.

முதலில் சரியான படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். உண்மை எங்காவது இருக்க வேண்டும் அல்லவா? அப்புறம் கையைச் சாய்த்தேன். பதினேழு வந்தது. பதினேழு பொருத்தமான எண். இருபதைக் காட்டினால் மருந்தைக் கூடுதலாகக் கொடுப்பார்கள், பதினைந்தரை என்றால் நாளைக்கே எடுத்துவிடலாம் என்பார்கள்.

பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படித்தார். நின்றபடியே, டம்ளரைத் தூர வைத்துவிட்டு.

"உறுதியாம்மா? ஆள் பாக்க ஜம்முனு இருக்காரே."

"டீச்சரும் பாக்க நல்லாதான் சார் இருந்தாங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "சரிம்மா. நீங்க சொன்னா சரி. எடுக்கல," என்றார். இருபத்தாறு வருடமாகக் கேட்க நினைத்த வார்த்தை.

வெளியே பெஞ்சில் மெக்கானிக்கின் அக்கா உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாதான் அவரை வளர்த்தது. துணிக்கடையில் நின்று வேலை பார்க்கிறவர், கால் வீங்கியிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மேடம், இன்னிக்குக் குழாயை எடுத்துடுவாங்கன்னு சொன்னாங்க. தம்பிக்குப் புதுச் சட்டைகூட எடுத்து வச்சிருக்கேன்."

"இதயம் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா. ரெண்டு நாள் பொறுத்துக்குங்க."

"இதயமா? அதுல அவனுக்கு ஒரு கோளாறும் இருந்ததில்லையே. பன்னெண்டு மாடி படியேறுவான் மேடம். லிஃப்ட் ரிப்பேரு பண்றவன் லிஃப்டுல போக முடியாதுல்ல."

"அதெல்லாம் வெளிய தெரியாதும்மா. நாங்க இருக்கோம்ல, பாத்துக்கறோம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பாத்து சொன்னதாலதான் தப்பிச்சான். இல்லேன்னா அவசரப்பட்டு எடுத்திருப்பாங்க," என்றார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அம்மாவிடம் நான் பொய் நன்றி வாங்கிக்கொண்டதாக நீங்கள் நினைக்கலாம். டீச்சர் விஷயத்தில் எனக்கு வந்திருக்க வேண்டிய நன்றி என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் வழக்கமான கேள்வி வந்தது. "ஒருத்தர் சார், ஏழாம் படுக்கை," என்றேன். விதி பிழைத்தது. ஐந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை அவரை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். செவ்வாய் பதினேழு, வெள்ளி எட்டு என்றால் எந்தக் குழந்தையும் கேட்கும். இதயம் அப்படி மூன்று நாளில் இளகாது. ஏணியில் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை பதினாறரை. சனிக்கிழமை பதினாறு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை.

நீர் இறங்குகிற மருந்து ஓடிக்கொண்டிருந்தது. இல்லாத நீர் எங்கிருந்து இறங்கும்? உதடு வெடித்துவிட்டது. நாக்கு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கச் சொல்லி நர்சிடம் நான்தான் நினைவூட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹெட் நர்சுக்கு என்னவோ நெருடியது. என் வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, கால்மேல கால் போட்டுப் படுத்திருக்கான். நேத்து எனக்குக் கண்ணடிச்சான். இவனுக்கா இதயம் இறுகிக் கெடக்கு?"

"கண்ணடிக்கிறதுக்கு இதயம் எதுக்குடி?"

"இல்லக்கா, வெளையாட்டில்ல. இன்னொரு தரம் பாருங்களேன். ட்ரையல்ல அவன் மூச்சு என் மூச்சைவிட நல்லா ஓடுது."

"அப்ப நீ படுத்துக்க, உனக்குப் பாக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொன்னால் யாரும் கேட்காத இடத்தில், அவள் சொன்னால் மட்டும் நான் கேட்க வேண்டுமா என்று ஒரு எரிச்சல் இருந்தது. இருந்தது என்றால் இருந்தது, மறைப்பானேன்.

திங்கள்கிழமை அவர் கம்பியில் தட்டினார். சிலேட்டைக் கொடுத்தேன்.

'நான் நல்லா மூச்சு விடறேன். எனக்குத் தெரியுது. ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க?'

"உங்களுக்குத் தெரியறது வேற தம்பி, மெஷினுக்குத் தெரியறது வேற," என்றேன்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'லிஃப்டுக்குள்ள இருக்கறவன் கத்துனா நாங்க மொதல்ல அவன் சொல்றதத்தான் கேப்போம்.'

வெதுவெதுப்பான ஜெல்லைத் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டார். அன்று பதினைந்தரை.

செவ்வாய் பதினைந்தே கால். விதிப்படி அதுவும் முடியாது. புதன்கிழமை பதினான்கு காட்டி விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தேன். தேதிகூடக் குறித்து வைத்திருந்தேன், என் நாட்குறிப்பை எடுத்துப் பாருங்கள். புதன்கிழமை காலை காய்ச்சல் வந்தது. குழாய் அத்தனை நாள் உள்ளே இருந்தால் கிருமி அதன் வழியாகத்தான் இறங்கும். எல்லா இடத்திலும் நடப்பது. மறுநாள் சிறுநீர் நின்றது. அதற்கடுத்த நாள் மெஷினின் உதவியை மறுபடி முழு அளவுக்குக் கூட்டினார்கள். சிலேட்டு கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது, நான்தான் எடுத்து மேஜையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை என்றேனே. அன்று போய்விட்டார்.

அக்கா என்னைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். "நீங்க உங்களால முடிஞ்சதப் பண்ணீங்க மேடம்," என்றார். புதுச் சட்டையைத்தான் போட்டு அனுப்பினார்களாம்.

பெரிய டாக்டர் தூங்கவில்லை போலிருக்கிறது. அடுத்த புதன்கிழமை மதியம் என் அறைக்கு வந்தார். படம் பார்ப்பதற்காக அவர் அங்கே வந்தது அதுதான் முதல் முறை. டம்ளர் இல்லை. தியேட்டர் என்ற கேலியும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏழாம் படுக்கையோட படமெல்லாம் காட்டுங்கம்மா. நான் எங்க கோட்டைவிட்டேன்னு பாக்கணும்," என்றார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அளவெடுக்கும் கோட்டைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கோணத்தைப் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னேன். கற்றுக்கொள்ள வேண்டும் என்கிற மனசு வந்தால் அவருக்கு ஒரு மணி நேரம் போதும் என்று எனக்கு எப்போதும் தெரியும்.

"அம்மா, இந்த ஒரு தேதில ரெண்டு அளவு இருக்கே. ஒண்ணு எட்டு, ஒண்ணு பதினேழு. நாலு நிமிஷம்தான் வித்தியாசம்."

"ஆமா சார்."

"எது சரி?"

"மொதல்ல எடுத்தது."

திரையில் அந்த இதயம் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. இத்தனை வருடத்தில் என் படத்தைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் சரியான கேள்வி அது. ஆரம்பத்திலேயே இப்படி உட்கார்ந்து பார்த்திருந்தால், நான் கையைச் சாய்க்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. இதை அவரிடமும் சொன்னேன். அவர் எழுந்து போய் உங்களுக்குப் போன் செய்தார்.

இதில் நான் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஏழாம் படுக்கை என்னால்தான் போனது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், தெளிவாகவே போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும். மேஜையில் நீங்கள் ஒரு ஃபைலைத்தான் வைத்திருக்கிறீர்கள். அரைகுறையாக வேலை செய்தால் எனக்குப் பிடிக்காது. முதல் கூட்டத்துக்குப் பிறகு பதினான்கு கூட்டங்கள் நடந்தன. பதினான்கிலும் பெரிய டாக்டர் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆவண அறைக்கு ஆள் அனுப்பி இன்னும் ஒன்பது ஃபைல்களை எடுத்துவரச் சொல்லுங்கள். படுக்கை எண்ணும் தேதியும் எழுதித் தருகிறேன், சரியான படம் ஒவ்வொன்றிலும் முதலில் இருக்கும். பதறாதீர்கள், எல்லோரும் போய்விடவில்லை. ஏழாம் படுக்கையையும் சேர்த்துப் பத்துப் பேரில் ஆறு பேர் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள். பதினான்கு மாதங்களில் மீதி நான்கில் உண்மையாகவே இறுகின இதயம் தானாக வந்து சேர்ந்தது; அந்த மாதங்களில் நான் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.